பெருவெடிப்பைத் தொலைநோக்கியில் ஏன் பார்க்க முடியாது?

ஒளி வந்து சேர நேரம் பிடிக்கும் என்பதால், வானத்தில் தொலைவைப் பார்ப்பதும் பழையதைப் பார்ப்பதும் ஒன்றுதான். பெருவெடிப்பு நடந்து 30 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலத்து விண்மீன் திரளை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி படம்பிடித்துவிட்டது. சரி, இன்னும் பெரிய கண்ணாடி செய்தால் தொடக்கத்தையே பார்த்துவிடலாமா? முடியாது. குறை கண்ணாடியில் இல்லை.

சூரியனை எடுத்துக்கொள்வோம். ஒளி பிறப்பதென்னவோ அதன் மையத்தில். நமக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டும். உள்ளே எலக்ட்ரான்கள் அணுவில் ஒட்டாமல் திரிவதால், ஒளி நாலடி நேராகப் போக வழியில்லை. மோதி மோதி, வந்த திசையே தொலைந்துவிடுகிறது. தொடக்கத்தில் பிரபஞ்சம் முழுவதுமே இப்படித்தான் கிடந்தது. விரிய விரியச் சூடு தணிந்து, சுமார் 3,000 கெல்வினுக்கு வந்தபோதுதான் எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து ஹைட்ரஜன் ஆயின. ஒளிக்கு வழி திறந்தது. அப்போது பிரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய 3,80,000 ஆண்டுகள்.

ஏன் அவ்வளவு தாமதம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதற்கு வெகு முன்பே, சராசரி ஒளித்துகளுக்கு ஹைட்ரஜனை உடைக்கும் வலு போய்விட்டது. ஆனால் ஒரு புரோட்டானுக்கு 100 கோடிக்கும் அதிகமான ஒளித்துகள்கள் இருந்தன. அந்தக் கூட்டத்தில் அபூர்வமாக ஒன்றிரண்டு வலுவாக இருந்தாலே போதும், சேர்ந்த அணு மறுபடி பிரிந்துவிடும்.

அன்று விடுபட்ட ஒளி, சுமார் 1,100 மடங்கு நீண்டு, இன்று நுண்ணலையாக வருகிறது. 1964-இல் அமெரிக்க வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் அதை ஆன்டெனாவில் ஓயாத இரைச்சலாகக் கண்டார்கள். புறா எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை.

அதற்கு அப்பால் போக ஒளி உதவாது. ஆனால் சூரியனின் மையத்திலிருந்து, எதனோடும் அரிதாகவே மோதும் நுண்துகள்களான நியூட்ரினோக்கள் தடையில்லாமல் வெளியேறுகின்றன. ஜப்பானில் மலைக்கடியில் இருக்கும் சூப்பர் காமியோகாண்டே என்ற நியூட்ரினோ உணர்கருவி, இரவில் பூமியையே துளைத்துக்கொண்டு வருபவற்றையும் சேர்த்து, சூரியனைப் படமாக்கியிருக்கிறது. பிரபஞ்சத்துக்கும் அப்படிப்பட்ட நியூட்ரினோக்கள் உண்டு. பெருவெடிப்பு நடந்து ஒரு வினாடியிலேயே விடுபட்டவை அவை. இப்போதும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் 300-க்கு மேல் இருக்கின்றன, உங்கள் விரல் நுனியிலும்தான். ஆனால் ஆற்றலைப் பார்த்தால், சூரிய நியூட்ரினோவில் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால் இன்னும் ஒன்றுகூட நேரடியாகச் சிக்கவில்லை. டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) அணு தானாகச் சிதைந்தாலும் எலக்ட்ரான் வெளிவரும். ஆனால் இவற்றில் ஒன்றை விழுங்கினால், வெளிவரும் எலக்ட்ரானின் ஆற்றல் அதைவிட இம்மியளவு கூடுதலாக இருக்கும். அந்த இம்மியை அளக்கத்தான் இப்போது கருவி வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.