சொந்தப் புத்தகத்தோடு உள்ளே வரலாமா?

கல்லூரி நூலகத்துக்கு இப்போது யாரும் வருவதில்லை என்று ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறார்கள். ஆதாரமாகக் காட்டுவது புத்தகம் வழங்கும் பதிவேட்டை. அது இளைத்துப் போனது உண்மைதான். வாசலில் உள்ள வருகைப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். செமஸ்டர் நெருங்கினால் எங்கள் நூலகத்தில் நாற்காலி கிடைக்காது.

வருகிறவர்களுக்கு வேண்டியது மேசை, மின்விசிறி, வைஃபை, தொந்தரவில்லாத இரண்டு மணி நேரம். பலருக்கு வீட்டில் இருப்பதே ஓர் அறை, அதிலும் டிவி ஓடும். பழைய ஆய்விதழ்களை பைண்டு செய்து அடுக்கிய கடைசி அலமாரிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து ஒரு மாணவி லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருப்பார். பிளக் பாயின்ட் அங்கேதான் இருக்கிறது, வேறென்ன செய்வார்?

இன்னும் பல கல்லூரிகளில் சொந்தப் புத்தகத்தை உள்ளே விடுவதில்லை. திருட்டுப் பயத்தில் வந்த விதி. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ சொந்த நூல் படிக்கவே தனிப் பிரிவு உண்டு. நூலகம் ஒரு வளரும் உயிரி என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதினார். நூலகவியல் படித்த நாங்கள் எல்லோரும் தேர்வில் அதை எழுதி மார்க் வாங்கியவர்கள்தான். 'சொந்தப் புத்தகத்துக்கு அனுமதி இல்லை' என்ற பலகையைக் கழற்றத்தான் மனம் வரவில்லை.

அதற்காக நூலகத்தை கேன்டீன் ஆக்கச் சொல்லவில்லை. புராஜெக்ட் குழு பேசிப் படிக்கக் கதவு உள்ள ஓர் அறை போதும். அமைதியான கூடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அது மாணவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காது.

அப்புறம், வெறுமனே இடம் கொடுப்பதோடு நிறுத்தினால் அது வாடகை மண்டபம்தான். மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 ஜனவரி முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளுக்கு அந்த வசதி வரவில்லை. வசதி இருக்கும் இடத்திலும் முதுகலை மாணவர் பலர் கூகுளில் வந்த ஆய்வுச் சுருக்கத்தோடு திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். நூலகர் கவுன்டரை விட்டு எழுந்து, அந்த மேசைக்கே போய், முழுக் கட்டுரையை எடுப்பது எப்படி என்று காட்டினால் பத்து நிமிட வேலை.

கல்லூரி முதல்வர்களிடம் ஒரு கேள்வி. வகுப்பு விடுவதே மாலை நாலரைக்கு. ஐந்து மணிக்குப் பூட்டினால் மாணவர்கள் எப்போது வருவது? அடுத்த பட்ஜெட்டில் புது அலமாரி வாங்குவதற்கு முன்னால், இரவு எட்டு மணி வரை இருக்க ஓர் ஆளையும் மேசைக்கு மேசை பிளக் பாயின்ட்டையும் கேளுங்கள்.