டிஸ்னி வேர்ல்டில் சாப்பாட்டுக்குத் துண்டு போடுவது எப்படி?

பயண ஏற்பாடு செய்து தருவது என் தொழில். அமெரிக்காவில் ஆர்லாண்டோ பக்கம் இருக்கிற டிஸ்னி வேர்ல்டுக்கு முதல் முறையாகக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் என்னிடம் வரும்போது, எந்த ரைடில் ஏற எவ்வளவு உயரம் வேண்டும் என்பது வரைக்கும் யூடியூபில் பார்த்துக் கரைத்துக் குடித்திருப்பார்கள். சாப்பாட்டுக்கு என்ன யோசித்திருக்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும், "அது அங்க போய்ப் பாத்துக்கலாம் சார்" என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டதுமே நான் காலண்டரை எடுத்துவிடுவேன்.

அங்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை. டிஸ்னி வேர்ல்டு என்று நாம் சொல்வது நான்கு பார்க்குகள்: 1971-ல் திறந்த மேஜிக் கிங்டம், 1982-ல் எப்காட், 1989-ல் ஹாலிவுட் ஸ்டூடியோஸ், 1998-ல் அனிமல் கிங்டம். கிட்டத்தட்ட நாற்பது சதுர மைல் நிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. வாசலுக்கு வெளியே வந்து எதிர்ச்சாரியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்கிற கணக்கெல்லாம் செல்லாது. உள்ளேயேதான் சாப்பிட்டாக வேண்டும், அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கவுண்டர் சாப்பாடு, டிஸ்னியின் மொபைல் ஆப்பில் ஆர்டர் போட்டுவிட்டுப் போய் எடுத்துக்கொள்ளலாம், முன்பதிவே கிடையாது. இன்னொன்று உட்கார வைத்துப் பரிமாறுகிற ரெஸ்டாரண்ட். இதில் பேர்போன இடங்களுக்கு முன்பதிவு இல்லாமல் நேரில் போய் நின்றால், மூன்று மணி வெயிலில் பசித்த குழந்தையோடு "இன்று இடம் இல்லை" என்பதைக் கேட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். கொரோனாவுக்கு முன்பு 180 நாளாக இருந்தது, பழைய கட்டுரைகளில் இன்னும் அந்தக் கணக்குதான் இருக்கிறது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரண்டு மாதம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், நாளாகவே எண்ணுங்கள். இணையத்தில் திறக்கும் நேரம் ஃப்ளோரிடா கணக்கில் காலை 6 மணி. சென்னையில் அது மாலை 3.30, அங்கே கோடைகால நேரம் முடிந்திருக்கிற நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை 4.30. சிங்கப்பூரில் மாலை 6 அல்லது 7. ஊரில் இருப்பவர்களுக்கு ஆபீஸிலிருந்தே செய்துவிடக்கூடிய நேரம்தான். கலிஃபோர்னியாவில் இருக்கிற மகன்தான் பாவம், அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைக்க வேண்டும். அந்த வேலையைச் சென்னையில் இருக்கும் அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வதுண்டு, இதையெல்லாம் மிகவும் பொறுப்பாகச் செய்வார்கள்.

டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது, பலர் அதைப் பாதிதான் பயன்படுத்துகிறார்கள். அக்டோபர் 10 அன்று ஹோட்டலில் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 60 நாள் முன்பு ஆகஸ்ட் 11. அன்று காலை உங்களுக்கு அக்டோபர் 10 மட்டுமல்ல, தொடர்ந்து பத்து நாள் வரை தங்கும் நாட்கள் எல்லாமே திறந்துவிடும். வெளி ஹோட்டலில் தங்குகிறவருக்கு அன்று அக்டோபர் 10 மட்டும்தான் திறக்கும், அடுத்த நாளுக்கு அவர் மறுபடி மறுநாள் காலையில் உட்கார வேண்டும். அதாவது அக்டோபர் 15-க்கு நீங்கள் அவரைவிட ஐந்து நாள் முன்னால் துண்டு போடலாம், 10-ஆம் தேதிக்கோ இருவரும் சமம். அதுபோக உங்களுக்கு முன்பே வந்து தங்கியிருப்பவர்கள் 10-ஆம் தேதியின் நல்ல நேரங்களை ஏற்கெனவே அள்ளியிருப்பார்கள். ஆகவே கிடைக்கக் கஷ்டமான இடங்களை, மேஜிக் கிங்டத்தின் சிண்ட்ரெல்லா அரண்மனைக்குள்ளேயே இருக்கும் சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள், விண்வெளியில் உட்கார்ந்திருப்பது போலத் திரைகளை வைத்துச் செய்திருக்கும் எப்காட்டின் ஸ்பேஸ் 220 போன்றவற்றை, பயணத்தின் கடைசி நாட்களில் வையுங்கள். பதிவு செய்யும்போதும் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

அந்தக் காலை ஆறு மணிக்கு நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் சொல்கிறேன். தேதியையும் எத்தனை பேர் என்பதையும் கொடுத்ததும் 11.40, 1.25, 4.50 என்று சின்னச் சின்னக் கட்டங்களாக நேரங்கள் வரும். ஒன்றைத் தொட்டால் பெயர்கள், அலர்ஜி உண்டா, கிரெடிட் கார்டு எண் என்று அடுத்தடுத்துக் கேட்கும். பர்ஸ் எங்கே என்று தேடி எழுந்திருக்கிற நேரத்தில் இடம் கைநழுவிவிடும். முதல் நாளே ஆப்பில் கணக்குத் தொடங்கி, கார்டைச் சேர்த்து, குடும்பத்தார் பெயர்களைப் போட்டு வையுங்கள். இந்திய கார்டு என்றால் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கைக்குழந்தையையும் தலைக்கணக்கில் சேர்க்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரே மேசை வரவில்லையென்றால் நான்கு, இரண்டு என்று பக்கத்துப் பக்கத்து நேரத்தில் தேடுங்கள், சேர்ந்தாற்போல் உட்கார வைக்க முடியுமா என்று அங்கே போய்க் கேட்கலாம். முடியும் என்று உத்தரவாதம் தர மாட்டார்கள்.

இத்தனை சொன்னதும் சிலர் மூன்று வேளைக்கும் பதிவு செய்துவிட்டு எனக்குப் பட்டியல் அனுப்புவார்கள். வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்று, அதற்கு மேல் போகாதீர்கள். உட்கார்ந்து சாப்பிட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மிக்கி, "வின்னி த பூ" என்கிற குண்டுக் கரடி மாதிரி வேடமிட்டவர்கள் மேசைக்கு மேசை வருகிற இடங்களில் இன்னும் கூடும். ஒரு பார்க்கிலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகவும் பஸ், மோனோரயில் என்று ஒரு மணி நேரத்தை ஒதுக்கியே ஆக வேண்டும். மூன்று முன்பதிவு வைத்துக்கொண்டவர்கள் நாள் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு ஓடுவார்கள், ரைடில் நீண்ட வரிசையைத் தவிர்க்கக் காசு கொடுத்து வாங்கிய லைட்னிங் லேன் நேரமும் இதோடு மோதும். லைட்னிங் லேன் நேரத்தை டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்கள் 7 நாள் முன்புதான் தேர்வு செய்ய முடியும், மற்றவர்கள் 3 நாள் முன்பு. எப்படியும் சாப்பாடுதான் முதலில் முடிவாகிறது. அந்த ஒரு வேளையை எங்கே வைப்பது என்பதில்தான் உங்கள் யோசனை முழுவதும் இருக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இறங்கிய நாளும் மறுநாளும் இரவுச் சாப்பாட்டுக்குப் பதிவே செய்யாதீர்கள். அக்டோபரில் ஃப்ளோரிடாவில் இரவு 8 மணி என்றால் நம் உடம்புக்கு விடிகாலை 5.30. குழந்தை தட்டின் மேலேயே சாய்ந்து தூங்கிவிடும், நீங்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பில் கொடுப்பீர்கள்.

தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது மதியம் ஒன்றரை, இரண்டு மணி. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே வெயிலும் புழுக்கமும் நம் ஊரைப் போலத்தான், பிற்பகலில் இடியோடு மழையும் அடிக்கடி பிடிக்கும். அந்த நேரத்தில் ஏசி அறையில், ஒரு நாற்காலியில், யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைக்க ஒரு மணி நேரம் உட்காருவது பாட்டியின் கால்களுக்குப் பெரிய உபகாரம். அதற்கு டாலர் கொடுப்பதை நான் வீண் என்று நினைக்க மாட்டேன்.

காலைச் சிற்றுண்டியில்தான் நிறையப் பேர் நேரத்தைத் தொலைக்கிறார்கள். பார்க் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் வரிசை குறைவு. அந்த நேரத்தில் மேஜிக் கிங்டத்துக்குள் பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வெளியே வரும்போது ஒவ்வொரு ரைடுக்கும் வரிசை நீண்டிருக்கும். மிக்கியோடு சாப்பிட வேண்டும் என்று குழந்தை ஆசைப்பட்டால், பார்க்குக்குப் போகாத ஓய்வு நாளில் ஹோட்டல்களில் இருக்கும் இடங்களைப் பாருங்கள். கன்டெம்பரரி ஹோட்டலில் ஷெஃப் மிக்கீஸ், ரிவியேரா ஹோட்டலில் டோபோலினோஸ் டெரஸ். இவற்றுக்குப் பார்க் டிக்கெட் தேவையில்லை. பார்க்குக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் சாப்பிட மட்டும் போனாலும் அன்றைய டிக்கெட் கட்டாயம், அது ஆளுக்கு நூறு டாலருக்கு மேல். இது தெரியாமல் அரண்மனையில் மேசை பிடித்துவிட்டு டிக்கெட் நாளைப் பிறகு மாற்றுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, டிவியில் மிக்கியைப் பார்த்துக் குதிக்கிற இரண்டு வயசுக் குழந்தை, அதே மிக்கி சமையல்காரர் உடுப்போடு ஆளுயரத்துக்கு மேசையருகே வந்து கையை நீட்டும்போது வீறிட்டு அழுது பாட்டியின் முந்தானைக்குள் புகுந்துகொள்ளும். வேடமிட்டவர்கள் இதற்குப் பழகியவர்கள், தள்ளி நின்று கையசைப்பார்கள். முதல் இரண்டு நாள் பார்க்கில் தூரத்திலிருந்து காட்டிப் பழக்கிவிட்டு, இந்தச் சாப்பாட்டைப் பின்னால் வையுங்கள்.

சைவக் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மெனுவில் பச்சை இலைக் குறி போட்டிருந்தால் அதில் இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டை, தேன்கூட இருக்காது. குறி இல்லாத "வெஜிடபிள் சூப்" கோழி வேகவைத்த தண்ணீரில் செய்ததாக இருக்கலாம், கேட்டுவிடுங்கள், கூச்சப்படாதீர்கள், அவர்களுக்கு இது தினசரிக் கேள்வி. மேசைக்கு மேசை கறியாக வந்துகொண்டிருக்கும், தலைக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்திருக்கிற இடங்களுக்கு, உதாரணத்துக்கு பாலினேஷியன் ஹோட்டலின் ஓஹானா இரவு உணவுக்கு, சைவப் பாட்டியை அழைத்துப் போகாதீர்கள். கேட்டால் அவருக்கென்று வேறு ஏதாவது செய்து தருவார்கள்தான், ஆனால் விலை கறி சாப்பிடுகிறவருக்கு உள்ளதேதான். அதற்குப் பதில் அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா இருக்கிறது. ஆப்பிரிக்க, இந்திய ருசி கலந்த சமையல். அங்கே "பிரெட் சர்வீஸ்" என்று "நான்" வகை ரொட்டிகளோடு தொட்டுக்கொள்ள ஒன்பது வகை வரும், மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, வெள்ளரி ரைத்தா, பூண்டு ஊறுகாய் என்று. நான்கு நாள் பர்கரும் பீட்சாவும் தின்று நாக்கு செத்துப்போன பெரியவர்களுக்கு அந்த ஊறுகாயைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேய்வதால் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். டிசம்பரில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இதற்கும் பார்க் டிக்கெட் வேண்டாம்.

வீட்டுச் சாப்பாட்டையும் பார்க்குக்குள் கொண்டுபோகலாம், அதை அவர்கள் தடுப்பதில்லை. சூடுபடுத்தத் தேவையில்லாததாக இருக்க வேண்டும், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. எலுமிச்சை சாதம், புளியோதரை, சப்பாத்தி தாராளமாகப் போகும். ஊறுகாய் பாட்டில்தான் பரிசோதனையில் மாட்டும், பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். கவுண்டர் கடைகளில் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள், பாட்டில் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

மேசை முன்பதிவுக்கென்று டிஸ்னி தனியாகக் கட்டணம் வாங்குவதில்லை. சில இடங்களில் மட்டும் சாப்பாட்டுக் காசை முன்னதாகவே கட்டச் சொல்வார்கள், அதற்கு ரத்து விதியும் வேறு, பதிவு செய்யும்போதே படித்துவிடுங்கள். "உறுதியான டேபிள் இருக்கிறது, ஐம்பது டாலர் அனுப்புங்கள்" என்று யாராவது முகநூல் குழுவில் வந்தால் ஒதுங்கிவிடுங்கள். என்னைப் போன்றவர்கள் வாங்குவது உட்கார்ந்து செய்கிற வேலைக்கான கூலி, அதையும் மிச்சப்படுத்த முடியும் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பதிவு செய்துவிட்டுப் போகாமல் விட்டால் பெரும்பாலான இடங்களில் தலைக்கு 10 டாலர் கார்டில் பிடித்துக்கொள்வார்கள். ஆறு பேர் என்றால் அறுபது டாலர், சாப்பிடாமலே. ஆனால் இரண்டு மணி நேரம் முன்பு வரை ஆப்பிலேயே ரத்து செய்யலாம். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு: எல்லாரும் கடைசி நேரத்தில் ரத்து செய்வதால் முதல் நாள் இரவும் அன்று காலையும் இடங்கள் திடீரென்று திறக்கும். அறுபதாம் நாளில் கிடைக்கவில்லை என்று உடைந்துபோக வேண்டாம், இரவு படுக்கப் போகும் முன் ஆப்பைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு வேண்டாததையும் அதேபோல விட்டுவிடுங்கள், இன்னொரு குடும்பம் அதற்காகக் காத்திருக்கும்.

கடைசியாக பில். டிஸ்னி கணக்கில் பத்து வயது ஆனவுடன் பெரியவர் விலை, மூன்று முதல் ஒன்பது வரைதான் குழந்தை விலை. மூன்றுக்குக் கீழே என்றால் பஃபேயில் இலவசம். விலையின் மேல் வரி வரும், அதன்மேல் டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் கொடுப்பது அங்கே வழக்கம். ஆறு பேரோ அதற்கு மேலோ உட்கார்ந்தால் 18 சதவீதத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். நம் ஆட்கள் தாராளமாக அதன் கீழே இருக்கும் காலிக் கட்டத்திலும் இருபது சதவீதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். "கிராட்டுவிட்டி" என்று ஒரு வரி ஏற்கெனவே அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.