டெட் சலுகை மதிப்பெண்: ஜாதிச் சான்றில் கோட்டை விடாதீர்கள்

ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) 150க்கு 84. பென்னாகரத்தில் பிறந்த எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) பெண்ணுக்கு இது தேர்ச்சி. ஆந்திராவின் குப்பத்தில் பிறந்து பர்கூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவருக்கு அதே 84 தேறாது. இடஒதுக்கீடு பிறந்த வீட்டு வழியில் வருவது. வெளிமாநில ஜாதிச் சான்று தமிழ்நாட்டில் செல்லாது. அவர் பொதுப்பிரிவுக்குரிய 90 எடுத்தாக வேண்டும். எல்லையோரத் தாலுகாக்களில் பலர் இதைச் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள். கொடுமை அது.

இந்த மதிப்பெண் சலுகை யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. 60% என்று வரம்பு வைத்த, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்சிடிஇயின் 2011 வழிகாட்டு நெறிகளே இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு தரலாம் என்றன. அதன்படி 2014 பிப்ரவரி 6இல் வந்த தமிழக அரசின் அரசாணை 25 அவர்களுக்கு வரம்பை 55% ஆக்கியது. 2013 தேர்வை எழுதியவர்களுக்கும் அது பொருந்தியது. கணக்குப்படி 82.5. கேள்விக்கு ஒரு மதிப்பெண், அரை மதிப்பெண்ணுக்கு வழியில்லை என்பதால் 82 ஆனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த அரசாணையை ரத்து செய்தது. 2016 நவம்பர் 9இல் வி. லாவண்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நீங்கள் எழுதும் தேர்வுக்கு வரம்பு எத்தனை என்பதை அந்த அறிவிக்கையிலும் அதையொட்டி வரும் அரசாணையிலும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய பட்டியலை நம்பாதீர்கள்.

'82 எடுத்தவருக்கு வேலையைத் தூக்கிக் கொடுக்கிறார்கள்' என்ற பேச்சு பொய். டெட் வாசல்படி மட்டுமே. 2018 அரசாணைக்குப் பிறகு நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு. அங்கே எல்லோருக்கும் ஒரே வினாத்தாள். சலுகையில் டெட் தேறியவர் பொதுப் போட்டி இடத்துக்கு வரக்கூடாது என்பதும் தவறு. டெட் தளர்வு தகுதியைப் பற்றியது, நியமனத்தில் காட்டும் சலுகை ஆகாது என்று ராஜஸ்தான் ஆசிரியர் வழக்கில் 2016லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி சான்றிதழைக் கையில் எடுங்கள். திருமணமான பெண்கள் முதலில் பார்க்க வேண்டியது தந்தை பெயர் வரியை. அங்கே கணவர் பெயர் இருந்தால் அந்தச் சான்று உதவாது. தந்தை பெயரில் புதிதாக வாங்க வேண்டும். ஈ-சேவை மையத்தில் ஜாதிச் சான்றுக்கான சேவை எண் ஆர்இவி-101 என்று கேளுங்கள்.

பழங்குடியினருக்குக் கையெழுத்து யாருடையது என்பதே முக்கியம். 1989 நவம்பர் 11க்குப் பிறகு எஸ்டி சான்று வழங்குவது தாசில்தார் அல்ல, வருவாய்க் கோட்ட அலுவலர் (ஆர்டிஓ). சித்தேரி மலைக்காரர்களுக்கு அரூர் ஆர்டிஓ, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தாருக்கு ஓசூர் சப் கலெக்டர். நேரடி விசாரணை நடக்கும், நாளாகும். தேர்வு அறிவிப்பு வந்தபின் ஓடினால் கைக்கு வராது.

அருந்ததியர், மாதிகா, சக்கிலியர், பகடை உள்ளிட்ட ஏழு பிரிவினரும் விண்ணப்பத்தில் எஸ்சி என்றில்லாமல் எஸ்சிஏ (எஸ்சி அருந்ததியர்) என்றே குறிக்க வேண்டும். டெட் தேர்ச்சிக்கு இரண்டும் ஒன்றுதான். நியமனத்திலோ 3% உள் ஒதுக்கீடு இதில்தான் அடங்கியிருக்கிறது. பிரவுசிங் சென்டர் பையன் அவசரத்தில் எதைத் தட்டுகிறான் என்று 'சப்மிட்' கொடுக்கும் முன் பக்கத்தில் நின்று பாருங்கள்.