பாகப்பிரிவினைப் பட்டியலில் மனிதர்கள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நிலப் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பெரும்பாலும் ஐம்பது, அறுபது ஆண்டுப் பதிவுகளைப் பார்த்தால் போதும். சில நிலங்களுக்கு மட்டும் தாய்ப்பத்திரத்தைத் தேடிக்கொண்டு 1800க்கும் முன்னால் போக நேரும். அப்படித்தான் ஒருநாள் ஒரு கவுண்டி (மாவட்டம் போன்றது) நீதிமன்றத்தின் பழைய உயில் புத்தகத்தைத் திறந்தேன். இறந்தவரின் சொத்து மதிப்பீடு: கலப்பை, இறகு மெத்தை, இரண்டு பசு. அதற்கு அடுத்த வரியில் ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் விலை. அதற்கும் கீழே அவள் குழந்தை, தனி விலையோடு. அன்று அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

அடிமை முறை என்றதும் சாட்டையும் ஏலமும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் குடும்பங்களைப் பிரித்ததில் உயிலுக்கும் பாகப்பிரிவினைக்கும் பெரிய பங்கு உண்டு. எஜமானர் கொடியவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவர் செத்தாலே போதும்.

சட்டம் அதற்குத் தோதாக இருந்தது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662லேயே விதித்துவிட்டது. வாரிசுரிமைக்காக அடிமைகளை நிலம்போல அசையாச் சொத்தாக நடத்தலாம் என்று 1705ல் இன்னொரு சட்டம் வந்தது. அதனால் உயில்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: 'பெருக்கம்'. ஒரு பெண்ணையும் அவளது 'வருங்காலப் பெருக்கத்தையும்' என் மகளுக்குத் தருகிறேன் என்று எழுதுவார்கள். இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கு அப்போதே வாரிசுதாரர் தயார்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையான மவுண்ட் வெர்னனைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள், அவர் தன் அடிமைகளை விடுவித்தார் என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். உண்மைதான், ஆனால் பாதிதான். 1799ல் அங்கே 317 அடிமைகள் இருந்தார்கள். அவருக்குச் சொந்தமானவர்கள் 123 பேர். 153 பேர் அவர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் வழி வந்தவர்கள். கஸ்டிஸ் 1757ல் உயில் எழுதாமல் இறந்தார். விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஆயுள் இருக்கும்வரை அனுபவிக்க மட்டும். அவளுக்குப் பின் அது கஸ்டிஸின் வாரிசுகளுக்கு. ஆகவே அந்த 153 பேரை மார்த்தாவும் விடுவிக்க முடியாது, வாஷிங்டனும் முடியாது.

இந்த நாற்பது ஆண்டுகளில் இரண்டு பக்கத்து அடிமைகளும் கலந்து கல்யாணம் செய்திருந்தார்கள். தச்சர் ஐசக் வாஷிங்டனுடையவர். மனைவி கிட்டியோ கஸ்டிஸ் பங்கு. தாய் வழிச் சட்டப்படி அவர்கள் மகள்களும் கஸ்டிஸ் பங்குதான். 1801 ஜனவரி 1 அன்று வாஷிங்டனின் அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது. 1802ல் மார்த்தா இறந்தார். கஸ்டிஸ் பங்கு அடிமைகள் அவருடைய நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பங்காகப் போனார்கள். தகப்பன் சுதந்திர மனிதன், பெற்ற மகள்கள் வேறொருவரின் சொத்து.

கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்த அடிமைப் பெண் ஓனா ஜட்ஜ் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 1796ல் பிலடெல்பியாவிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் போய்விட்டார். 1848ல் இறக்கும்வரை, சட்டத்தின் கண்ணில் அவரும் அங்கே பிறந்த அவர் பிள்ளைகளும் கஸ்டிஸ் சொத்துதான்.

உயிலில் விடுதலை எழுதியிருந்தாலும் கடன் முந்திக்கொள்ளும். 1826ல் முன்னாள் ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சன் இறந்தபோது கடன் ஒரு லட்சம் டாலருக்கும் மேல். அவர் உயில் ஐந்து பேரை மட்டும் விடுவித்தது. அதில் ஒருவர் கொல்லர் ஜோசப் பாசெட். அவர் மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் 1827 ஜனவரியில் ஜெபர்சனின் பண்ணையான மான்டிசெல்லோவில் நடந்த ஏலத்தில் விற்கப்பட்டார்கள். உழைத்துச் சேர்த்த பணத்தில் தன் குடும்பத்தையே திரும்ப வாங்க அவர் பல ஆண்டு பாடுபட்டார்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் என்னிடம் வருகிறார்கள். 1850, 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியல்களில் எஜமானர் பெயர் இருக்கும்; அடிமைக்கு வயது, பால், நிறம் மட்டும். விடுதலையானவர்களைப் பெயரோடு எழுதியது 1870ல்தான். அதற்கு முன்னால் பெயர் வேண்டுமென்றால், அவர்களைப் பிரித்த அதே காகிதங்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

உங்கள் நண்பர் யாராவது தேடினால் இதைச் சொல்லுங்கள். எஜமானர் இறந்த ஆண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உயிலோடு நின்றுவிடாமல் மதிப்பீட்டுப் பட்டியலையும், அப்புறம் பாகப்பிரிவினை அறிக்கையையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதில் பங்கு ஒன்று, பங்கு இரண்டு என்று பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் பெயர்கள் இருக்கும். தாய் ஒரு பங்கில், பிள்ளை வேறொரு பங்கில் இருந்தால், அந்தப் பங்கு எந்த மகளுக்குப் போனது, அவள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்று பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளையை அந்த ஊர்க் கவுண்டியில்தான் தேட வேண்டும்.