சேணத்துக்கு எண்ணெய் போடும் முன்

ஓடிக் களைத்த குதிரையின் கழுத்தில், கடிவாள வார் உரசும் இடத்தில், வெள்ளையாக நுரை கட்டியிருக்கும். அதன் வியர்வையில் உள்ள லேதரின் என்ற புரதம் செய்யும் வேலை அது. எண்ணெய்ப் பசையுள்ள ரோமத்தில் வியர்வை பரவி, சீக்கிரம் ஆவியாகி, உடல் குளிர இந்தப் புரதம் உதவுகிறது. குதிரைக்கு நல்லதுதான். சேணத்துக்குத்தான் தொல்லை. குதிரை வியர்வையில் உப்பு மிக அதிகம். நீர் ஆவியான பிறகும் அது சேணத்தின் தோலிலேயே தங்கிவிடும். அதன்மேல் எண்ணெய் தடவினால் உப்பும் அழுக்கும் உள்ளேயேதான் கிடக்கும். அதனால் முதல் வேலை துடைப்பதுதான்.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் அடர்ந்த பின்னல். சேணத்தோலைப் பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றில் உள்ள டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்களால் பதனிடுவார்கள். அழுகாமல் காப்பது டானின்; வளைந்து கொடுக்க வைப்பது கொழுப்பு. வளைக்கும்போது இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும், அதற்குத்தான் கொழுப்பு. அது குறைந்த தோல் நனைந்து காய்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோல் விறைக்கும், வளைத்தால் வெடிக்கும். வெடித்துவிட்டால் எந்த எண்ணெயும் அதை ஒட்டவைக்காது.

சரி, எதால் துடைப்பது? தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது. சாதாரண சோப்போ காரம், அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு அதில் 9, 10 வரை போகும் (7 நடுநிலை). காரம் பட்டால் இழைகள் வீங்கும், டானினின் பிடியும் தளரும். சேணத்துக்கென்று விற்கும் சோப்பும் சோப்புதான். கொழுப்போ கிளிசரினோ சேர்த்திருப்பதால் கொஞ்சம் மென்மை, அவ்வளவே. நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சில் துளி சோப்பு போதும். நுரை பொங்கினால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஈரத்துணியால் சோப்பை ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

காய வைப்பது நிழலில், காற்றோட்டத்தில். ஹீட்டர் பக்கமே வேண்டாம். டானினால் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது சுமார் 70 முதல் 85 டிகிரி செல்சியஸில் கொலாஜன் சுருங்கிப்போகும். பிறகு பழைய அளவுக்குத் திரும்பாது.

எண்ணெயை, ஈரம் முழுதாகப் போகும் முன்பே, மெல்லிசாகத் தடவுவது நல்லது. அப்போது அது சீராகப் பரவும். நிறையப் போட்டால் நிறைய நன்மை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அளவு மீறினால் இழைகள் தேவைக்கு மேல் வழுக்கி, வார் தொய்ந்து நீளும். அங்கவடி (ஏறி அமர்பவர் கால் வைக்கும் வளையம்) தொங்கும் வார்களில் ஒன்று நீண்டு மற்றது நீளாமல் போனால், ஏறி அமர்பவர் ஒரு பக்கமாகச் சாய்வார்.

சேணத்தைப் பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காதீர்கள். ஈரம் அடைபட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆனால் வெள்ளையாகப் படிவதெல்லாம் பூஞ்சை இல்லை. குளிரில் தோலின் கொழுப்பே மேலே வந்து உறைவதும் உண்டு. ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, லேசாகச் சூடு காட்டிப் பாருங்கள். கொழுப்பு என்றால் உருகி மறையும். பூஞ்சை அப்படியே நிற்கும்.