பௌ ஷாக்: வில் அல்ல, அணியம்

விண்வெளியில் வேகமாகப் பாயும் ஒன்று வாயுவை இடிக்கும்போது அதற்கு முன்னால் எழும் அதிர்ச்சியை ஆங்கிலத்தில் 'பௌ ஷாக்' (bow shock) என்கிறார்கள். இந்த வானியல் சொல்லை 'வில் அதிர்ச்சி' என்று பெயர்த்துவிடுவது எளிது. தொலைநோக்கிப் படங்களைப் பார்த்தால் அதுவே சரி என்றும் தோன்றும். விண்மீனுக்கு முன்னால் வளைந்து நிற்கும் ஒளிக்கீற்று வில்லைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் சொல் வில்லிலிருந்து வரவில்லை.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு சொற்கள் உண்டு. அம்பு எய்யும் வில் 'போ'. கப்பலின் முன்முனை 'பௌ'. இரண்டாவது டச்சு முதலிய வடகடல் மொழிகளோடு உறவுடையது. அதன் மூலப் பொருள் தோள். தண்ணீரைத் தோளால் இடித்துக்கொண்டு போகிறது கப்பல்! தோணியின் அந்த முன்பகுதிக்குத் தமிழில் அணியம் என்ற அழகான சொல் இருக்கிறது. ஆகவே 'அணிய அதிர்ச்சி' என்பதே பொருந்தும்.

'ஷாக்' என்பதற்கு 'அதிர்வு' போதாதா? போதாது. அதிர்வுக்கு நடுக்கம் என்று பொருள் சொல்கிறது தொல்காப்பிய உரியியல். நடுங்குவது முன்னும் பின்னும் ஆடும். இங்கே நடப்பது ஒரே இடி.

விண்மீன்களுக்கு இடையே சராசரியாக ஒரு கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு அளவில் வாயு இருக்கிறது. சுமார் 8,000 கெல்வின் வெப்பமுள்ள இடங்களில் அதில் ஒலி நொடிக்குச் சுமார் 10 கி.மீ. ஓடும். ஜீட்டா ஒஃபியூக்கி என்ற விண்மீன் நொடிக்கு 20 கி.மீ.க்கும் அதிக வேகத்தில், தன் விண்மீன் காற்றை, அதாவது தன்னிடமிருந்து வெளியேறும் துகள் ஓட்டத்தை, வீசிக்கொண்டே பாய்கிறது. வாயுவில் அழுத்தச் செய்தி ஒலியின் வேகத்தில்தான் பரவும். எனவே முன்னால் இருக்கும் வாயுவுக்கு முன்னறிவிப்பே கிடைப்பதில்லை. விலக நேரமின்றி இடிபடுகிறது. மெல்லிய ஒரு எல்லையில் அழுத்தம், வெப்பம், அடர்த்தி எல்லாம் ஒருசேரத் தாவுகின்றன. வெப்பம் ஒளியாக வெளியேறாதவரை, எவ்வளவு வலுவாக இடித்தாலும் அணு வாயுவின் அடர்த்தி 4 மடங்குக்கு மேல் போகாது. எனக்கு இந்த எண் இன்றும் வியப்புத் தருகிறது.

பூமிக்கும் ஓர் அணிய அதிர்ச்சி உண்டு. நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வரும் சூரியக் காற்று, பூமியிலிருந்து சூரியப் பக்கத்தில் ஏறத்தாழ 90,000 கி.மீ. தொலைவில் இடிபடுகிறது. அங்கே துகள்கள் ஒன்றோடொன்று முட்டுவது மிக அரிது; காந்தப்புலமே அந்த வேலையைச் செய்கிறது. 'ஷாக்' என்பதை 'மோதல் அலை' என்று பெயர்த்தால் அது இங்கே இடறும்.

சூரியனுக்கு? 2012இல், சூரியக் காற்றின் எல்லையை ஆராயும் நாசாவின் ஐபெக்ஸ் விண்கலத்தின் அளவீடுகளை ஆராய்ந்தவர்கள், சுற்றியுள்ள வாயுவை ஒப்பிட்டால் சூரியன் நொடிக்குச் சுமார் 23 கி.மீ. மட்டுமே செல்கிறது, காந்தப்புலத்தையும் சேர்த்துப் பார்த்தால் இடிக்க அந்த வேகம் போதாது என்றார்கள். அப்படியானால் அங்கே இருப்பது, மெதுவாகச் செல்லும் தோணிக்கு முன்னால் எழும்புவது போன்ற வெறும் அணிய அலை.