ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஸ்லோவா? வேறு வாங்கும் முன் இதைப் பாருங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீடுகளுக்கு நெட், டிவி இணைப்பு செய்து கொடுப்பது என் தொழில். நெட்டில் வரும் படத்தையும் சேனலையும் டிவியில் காட்டும் சின்னப் பெட்டிதான் ஆண்ட்ராய்டு பாக்ஸ். "பாக்ஸ் ரொம்ப ஸ்லோ, படம் நடுவுல நின்னு சுத்துது, புதுசு வாங்கணுமா?" என்றுதான் பெரும்பாலும் போன் வருகிறது. பல வீடுகளில் புதிது தேவையே இல்லை. சில வீடுகளில் மட்டும் அந்த பாக்ஸை வேகமாக்கக் கூடாது, கழற்றிவிட வேண்டும். எனக்குக் கவலை அதிகம் அந்தச் சில வீடுகளைப் பற்றித்தான்.

நம் மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. லீவில் வரும்போது பிள்ளைகள் ஆசையாக ஒரு பாக்ஸ் கொண்டு வருவார்கள். பேர் கேள்விப்படாத பிராண்டு, "எல்லாச் சேனலும் எல்லாப் படமும் ஃப்ரீ" என்று அட்டையிலேயே இருக்கும். குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் அப்படி ஒன்று. "மக்களே, இது எனக்க மவன் கொண்டு வந்த பாக்ஸாக்கும். என்ன வேணும்னாலும் செய்யி, தூக்கிப் போட மட்டும் சொல்லாத" என்றார் அந்த அம்மா. அதில் பிளே ஸ்டோருக்குப் பதில் வேறு ஏதோ ஒரு ஸ்டோர். ஆப்களில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் கூகுளின் காவல், பிளே புரொடெக்ட், அணைக்கப்பட்டிருந்தது. டிவியை ஆஃப் செய்துவிட்டு ரவுட்டரில் பார்த்தேன். யாரும் எதுவும் பார்க்காத நேரத்திலும் அந்த பாக்ஸிலிருந்து டேட்டா வெளியே போய்க்கொண்டே இருந்தது.

இது எங்கோ ஒன்றிரண்டு வீட்டுச் சங்கதி இல்லை. 2023 ஜனவரியிலேயே டி95 என்ற மலிவு பாக்ஸில், வாங்கும்போதே வைரஸ் இருப்பதை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அதே வருடம் இந்த வகை மோசடிக்கு 'பேட்பாக்ஸ்' என்று பேர் வந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, 'பேட்பாக்ஸ் 2.0' பற்றிப் பொதுமக்களுக்கே எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதம் கூகுள் வழக்குப் போட்டபோது சொன்ன கணக்குப்படி, இதில் சிக்கியவை ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள். இந்த பாக்ஸ்கள் உங்கள் வீட்டு நெட்டை வெளியாட்களுக்கு வழியாகத் திறந்துவிடுகின்றன. எவனோ எங்கோ இருந்து செய்யும் மோசடி, உங்கள் இணைப்பிலிருந்து செய்ததாகத்தான் பதிவாகும். தேடி வருபவர்கள் முதலில் நிற்பது இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் வாசலில்.

ரீசெட் செய்தால் போகுமா என்று கேட்கிறார்கள். போகாது. அந்த வைரஸ் ஃபர்ம்வேரிலேயே, அதாவது பாக்ஸை இயக்கும் அடிப்படை மென்பொருளிலேயே குடியிருக்கிறது, ரீசெட் அதைத் தொடுவதில்லை. பாக்ஸ் வாங்கும் முன் கூகுளின் ஆண்ட்ராய்டு டிவி இணையதளத்தில் இருக்கும் கூட்டு நிறுவனங்களின் பட்டியலில் அந்த பிராண்டு உண்டா என்று பாருங்கள். பிளே புரொடெக்டை ஆஃப் செய்யச் சொல்லும் எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள். கழற்றிய பாக்ஸைப் பக்கத்து வீட்டுக்கோ சொந்தத்துக்கோ கொடுத்துவிடவும் கூடாது. வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். குளச்சல் அம்மாவிடம் நான் பேசி ஆகவில்லை. மகனுக்கே வீடியோ கால் போட்டு ரவுட்டர் பக்கத்தைக் காட்டினேன். அவரே "கழத்திருங்க அண்ணே" என்றார்.

சரி, உங்களுடையது நல்ல பாக்ஸ்தான், ஆனாலும் திக்குகிறது என்றால் முதலில் அடாப்டரைப் பாருங்கள். ஸ்டிக் வகைகளுக்குக் கரண்ட் வயரை டிவியின் பின்னால் உள்ள யூஎஸ்பி ஓட்டையில் செருகி வைப்பது இங்கே சர்வசாதாரணம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது அரை ஆம்பியர்தான். ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியராவது வேண்டும். தானாக ரீஸ்டார்ட் ஆவதும், வைஃபை விட்டுவிட்டு வருவதும் பெரும்பாலும் இதனால்தான். கூட வந்த அடாப்டரிலேயே போடுங்கள். ஆனால் ரவுட்டருக்கு வந்த 12 வோல்ட் அடாப்டரை, பின் பொருந்துகிறதே என்று 5 வோல்ட் பாக்ஸில் செருகிவிடாதீர்கள். அந்த நொடியே போர்டு போய்விடும். அடாப்டர் முதுகில் பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று இருப்பதை டார்ச் அடித்தாவது படியுங்கள்.

அடுத்தது வைஃபை. நெட்ஃபிளிக்ஸ் கேட்பது ஃபுல் ஹெச்டிக்கு 5, 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேகம். நூறு எம்பிபிஎஸ் பிளான் போட்டவர் வீட்டிலும் படம் நின்றால் குறை பிளானில் இல்லை. ரவுட்டர் முன்னறையில், டிவி இரண்டு சுவர் தள்ளி. அதிலும் பழைய வீடுகளின் தடிச்சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையை விடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டி வரும், ஆனால் சுற்று வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதிலேயே நெருக்கியடிக்கும். இதற்கு என் தீர்வு எப்போதும் ஒன்றுதான்: ரவுட்டரிலிருந்து பாக்ஸுக்கு ஒரு லேன் வயர் இழுத்துவிடுங்கள். பாக்ஸில் உள்ள போர்ட் நூறு எம்பிபிஎஸ் வகையாகவே இருக்கட்டும், 4கே படத்துக்குத் தாராளம். ஸ்பீடு டெஸ்டில் வைஃபை கூடுதலாகக் காட்டலாம். படம் நிற்காமல் ஓட வேண்டியது உச்ச வேகம் அல்ல, ஒரே சீராக வரும் வேகம்.

8 ஜிபி பாக்ஸ்களில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். பார்க்காத ஆப்களை எடுத்துவிட்டு, மற்றவற்றில் 'கிளியர் கேச்' மட்டும் கொடுங்கள். 'கிளியர் டேட்டா' கொடுத்தால் லாகின் போய்விடும். காசு கட்டியும் படம் மங்கலாகவே வந்தால் பாக்ஸில் வைட்வைன் (படத்தைத் திருடாமல் காக்கும் பூட்டு) எல்1 இல்லாமல், தெளிவான படத்துக்கு அனுமதி கிடைக்காத எல்3 இருக்கலாம். அதை எந்த செட்டிங்கும் சரி செய்யாது.

பாக்ஸை செட்டாப் பாக்ஸின் தலையில் வைத்து, மேலே பூத்துணியும் போட்டு மூடுவதை விட்டாலே பாதிச் சூடு குறையும். சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்று ஹெச்டிஎம்ஐ முனையில் பச்சை பூக்க வைத்துவிடும். மின்சாரத்தை அணைத்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.

ஐப்பசி மழையில் இடி தொடங்கினால் சுவிட்சை அணைப்பதோடு நிற்காதீர்கள். அடாப்டரைப் பிளக்கிலிருந்து உருவுங்கள், டிஷ் வயரையும் கழற்றுங்கள். டிஷ் வழியாக வந்த அடி, ஹெச்டிஎம்ஐ கேபிளில் ஏறி டிவி போர்டு வரை போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.